ராஜ திராவகச் சமன்பாட்டில் மூன்றாவது குளோரைடு எதற்கு?

பென்னாகரம்_டியூஷன் (செவ்வாய், இரவு 9.40)

வணக்கம். பென்னாகரத்தில் மாலை நேரத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். நான் படித்தது இயற்பியல். அதனால் சில இடங்களில் தடுமாறுகிறேன், இன்று தடுமாறியது இங்கே.

ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினைகளைச் சமன்படுத்தும் பாடம். உலோகத்தை அமிலத்தில் போடும் கணக்குகள் எல்லாம் நன்றாகவே போயின. அமிலமும் அமிலமும் வினைபுரிகிற கணக்கு ஒன்று வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். ராஜ திராவகத்தைக் கொடுத்தேன்.

நைட்ரிக் அமிலம் + ஹைட்ரோகுளோரிக் அமிலம் → நைட்ரோசில் குளோரைடு + குளோரின் + நீர்

(வாய்ப்பாடாகப் போட்டால் ஃபோனில் கீழே இருக்க வேண்டிய எண்கள் எல்லாம் வரிசை மாறி நிற்கின்றன. பெயரிலேயே எழுதுகிறேன், நீங்களும் அப்படியே எழுதினால் பிள்ளைகளுக்குக் காட்ட வசதி.)

நைட்ரஜனின் ஆக்சிஜனேற்ற எண் +5-லிருந்து +3-க்கு இறங்குகிறது, அதாவது 2 எலக்ட்ரான் ஏற்கிறது. குளோரின் −1-லிருந்து 0-க்கு ஏறுகிறது, அணுவுக்கு 1 எலக்ட்ரான் இழப்பு. ஆக 1 நைட்ரிக்குக்கு 2 ஹைட்ரோகுளோரிக். ஆனால் விடையில் 3 இருக்கிறது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "சார், எலக்ட்ரான் கணக்குப்படி ரெண்டுதானே வருது, மூணாவது எதுக்கு?" என்று கேட்டாள். "அணுக்களை எண்ணிப் பாரும்மா, 3 போட்டால்தான் சமமாகும்" என்றேன். அது பதில் இல்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. வியாழக்கிழமை மறுபடி வகுப்பு. யாராவது சொல்லுங்கள்.

ஓசூர்_நிரலாளர் (செவ்வாய், இரவு 9.58)

எலக்ட்ரான் கணக்கே வேண்டாம் சார், இயற்கணிதம் போதும். ஐந்து பொருள்களுக்கும் அ, ஆ, இ, ஈ, உ என்று வரிசையாகக் குணகம் வையுங்கள். நைட்ரஜனைப் பார்த்தால் அ = இ. ஆக்சிஜனைப் பார்த்தால் 3அ = இ + உ, அதனால் உ = 2அ. ஹைட்ரஜன்: அ + ஆ = 2உ, அதாவது 4அ, அதனால் ஆ = 3அ. குளோரின்: ஆ = இ + 2ஈ, அதனால் ஈ = அ. அ-வுக்கு 1 போட்டால் 1, 3, 1, 1, 2. முடிந்தது.

இதற்கென்று ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருக்கிறேன். எந்தச் சமன்பாட்டைக் கொடுத்தாலும் உடனே குணகங்கள் வந்துவிடும். வேண்டுமானால் பிள்ளைகளுக்கு அனுப்புகிறேன்.

ஓய்வு_வேதியியல்_தருமபுரி (புதன், காலை 5.35)

ஓசூர் தம்பி, விடை சரிதான். ஆனால் அந்தப் பெண் கேட்டது 3 எப்படி வருகிறது என்றில்லை, எதற்கு வருகிறது என்று. முப்பது வருடம் பாடம் எடுத்தவன் சொல்கிறேன், அந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளை கிடைப்பது அரிது. அதை அணு எண்ணிக்கையால் மூடிவிடக் கூடாது.

நம்ம ஊர்க் கல்யாணத்தை வைத்துச் சொல்கிறேன். ஒரு வீட்டிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். இரண்டு பேர் மொய் எழுதுகிறார்கள். மூன்றாவது ஆள் மொய் எழுத வரவில்லை, பெண்ணுக்குத் துணையாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வந்திருக்கிறார். மொய் நோட்டைப் பார்த்தால் இரண்டு பெயர். பந்தியில் போட்ட இலை மூன்று. இரண்டு கணக்கும் சரி, இரண்டும் வேறு வேறு கணக்கு.

ஆக்சிஜனேற்ற எண் முறை என்பது மொய் நோட்டு. எலக்ட்ரான் கொடுத்தவர், வாங்கியவர் மட்டுமே அதில் வருவார்கள். மூன்று குளோரைடில் இரண்டு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு குளோரின் வாயுவாகப் போகின்றன. மூன்றாவது எதையும் கொடுக்கவில்லை. வரும்போதும் −1, போகும்போதும் −1. நைட்ரோசில் குளோரைடில் குளோரினின் ஆக்சிஜனேற்ற எண் −1தான் என்பதைப் பிள்ளைகள் கவனிப்பதில்லை. நைட்ரஜனோடு துணைக்குப் போனது அதுதான்.

அரை வினையாகப் பிரித்தால் கண்ணெதிரே தெரியும்.

2 குளோரைடு → குளோரின் + 2 எலக்ட்ரான்

நைட்ரிக் அமிலம் + 3 ஹைட்ரஜன் அயனி + 1 குளோரைடு + 2 எலக்ட்ரான் → நைட்ரோசில் குளோரைடு + 2 நீர்

முதல் வரியில் 2, இரண்டாவது வரியில் 1. கூட்டினால் 3. கரும்பலகையில் எழுதும்போது இந்தக் குளோரைடுகளை இரண்டு நிறச் சாக்பீஸில் எழுதுங்கள்.

இது பிள்ளைகளுக்குப் புதிதில்லை என்பதையும் காட்டுங்கள். 3 தாமிரம் + 8 நைட்ரிக் அமிலம் → 3 தாமிர நைட்ரேட் + 2 நைட்ரிக் ஆக்சைடு + 4 நீர் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த எட்டில் எலக்ட்ரான் வாங்கியது இரண்டே இரண்டு. மிச்சம் ஆறும் நைட்ரேட்டாகவே தாமிரத்தோடு போகின்றன. அங்கே கேட்காத கேள்வியை உங்கள் மாணவி இங்கே கேட்டிருக்கிறாள்.

நகைப்பட்டறை_கிருஷ்ணகிரி (புதன், பகல் 1.15)

ஐயா சொன்ன மொய்க் கணக்கு மனதில் நின்றுவிட்டது. நான் படித்தது பத்தாவதுதான், ஆனால் இந்தத் திராவகத்தோடு இருபது வருடம் புழங்குகிறேன். ராவிய பொடி, பட்டறையைக் கூட்டிய மண், பழைய துண்டு துணுக்கு எல்லாவற்றையும் சேர்த்துத் தங்கம் பிரிப்பது என் வேலை. நாங்களும் உப்பு ஆசிட் மூன்று பங்கு, நைட்ரிக் ஒரு பங்குதான் ஊற்றுகிறோம். அப்பா சொல்லிக் கொடுத்த அளவு. அவருக்குச் சமன்பாடு எதுவும் தெரியாது, ஆனால் கணக்கு சரியாக வந்திருக்கிறது பாருங்கள்.

கூழ்_ஆய்வகம் (புதன், மாலை 6.20)

அண்ணா, உங்கள் அளவு அனுபவத்தில் வந்தது, வேலையும் செய்கிறது. ஆனால் அந்த மூன்றும் சமன்பாட்டின் மூன்றும் ஒன்றில்லை. நானும் ரொம்ப நாள் ஒன்றென்றே நினைத்திருந்தேன், அதனால் சொல்கிறேன்.

நீங்கள் ஊற்றுவது கன அளவு. சமன்பாடு சொல்வது மோல், அதாவது மூலக்கூறுகளின் எண்ணிக்கை. கடையில் வரும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் லிட்டருக்குச் சுமார் 12 மோல், அடர் நைட்ரிக் சுமார் 16 மோல். மூன்று பங்குக்கு ஒரு பங்கு என்றால் 36-க்கு 16, அதாவது ஒரு நைட்ரிக்குக்கு இரண்டேகால் ஹைட்ரோகுளோரிக்தான். மோலில் 3-க்கு 1 வேண்டுமென்றால் நீங்கள் நான்கு பங்கு ஊற்ற வேண்டியிருக்கும். டியூஷன் சார், இதை வகுப்பில் அவசியம் சொல்லுங்கள். குணகத்தையும் டம்ளர் அளவையும் குழப்பாத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

நான் கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலையில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். சீசனில் நாள் முழுக்க டைட்ரேஷன்தான், அதாவது செறிவு தெரிந்த கரைசலைத் துளித்துளியாக விட்டு அளவு காண்பது.

பென்னாகரம்_டியூஷன் (புதன், இரவு 8.50)

ஐயா, அக்கா, பட்டறை அண்ணா, எல்லோருக்கும் நன்றி. இரண்டு நிறச் சாக்பீஸ் வாங்கிவிட்டேன்.

ஒரு சந்தேகம் கூடுதலாக வந்துவிட்டது. தங்கத்தைப் போட்ட பிறகும் இதே கணக்குதானா? அப்போதும் இரண்டு குளோரைடு மொய், ஒன்று துணையா?

நகைப்பட்டறை_கிருஷ்ணகிரி (புதன், இரவு 10.05)

கண்ணில் பார்ப்பதைச் சொல்கிறேன், கணக்கை ஐயா சொல்லட்டும். பட்டறைக்குப் பின்னால் திறந்த வெளியில்தான் வைப்போம். இரண்டு ஆசிட்டும் தனித்தனியே தண்ணீர் மாதிரிதான் இருக்கும். பீங்கான் கிண்ணத்தில் சேர்த்த கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகி, பிறகு ஆரஞ்சு நிறத்துக்கு வரும். தங்கத்தைப் போட்டால் துண்டின் ஓரத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பும். கிண்ணத்துக்கு மேலே வந்ததும் புகை பழுப்பாகும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். வெள்ளி கலந்திருந்தால் அடியில் வெள்ளையாகத் தங்கிவிடும், கரையாது.

ஓய்வு_வேதியியல்_தருமபுரி (வியாழன், காலை 5.50)

புகை கிண்ணத்துக்கு மேலே வந்ததும் பழுப்பாகிறது என்று எழுதினீர்களே, அருமையான கவனிப்பு. உள்ளே உண்டாவது நிறமில்லாத நைட்ரிக் ஆக்சைடு. காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தொட்டதும் அது நைட்ரஜன் டைஆக்சைடாகிப் பழுப்பாகிறது. உங்கள் வெள்ளைப் படிவு சில்வர் குளோரைடு.

தங்கம் கரையும் வினையைப் பாடநூல்களில் இப்படி எழுதுவார்கள்:

தங்கம் + நைட்ரிக் அமிலம் + 4 ஹைட்ரோகுளோரிக் அமிலம் → குளோரோ ஆரிக் அமிலம் + நைட்ரிக் ஆக்சைடு + 2 நீர்

மொய் நோட்டைத் திறங்கள். தங்கம் 0-லிருந்து +3-க்கு ஏறுகிறது, 3 எலக்ட்ரான் இழப்பு. நைட்ரஜன் +5-லிருந்து +2-க்கு இறங்குகிறது, 3 ஏற்பு. ஒன்றுக்கு ஒன்று, முடிந்தது. குளோரினின் பெயர் நோட்டிலேயே இல்லை. பந்தியிலோ நான்கு இலை! நான்கு குளோரைடும் தங்கத்தைச் சுற்றி நின்று அணைவாகப் பிடித்துக்கொள்கின்றன. அவை இல்லாமல் நைட்ரிக் அமிலம் மட்டும் தங்கத்தை ஒன்றும் செய்ய முடியாது. எலக்ட்ரான் கொடுக்காதவர் சும்மா வந்தவர் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை, வகுப்பில் சொல்லுங்கள். ராஜ திராவகத்தைக் கலந்து மூடி போட்டு வைக்கவே கூடாது. முதல் சமன்பாட்டின் வலப்பக்கத்தில் இரண்டு வாயுக்கள் இருக்கின்றன. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், மிச்சமிருந்ததைக் கண்ணாடி மூடி போட்ட பாட்டிலில் அலமாரியில் வைத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் பாட்டில் சிதறியிருந்தது. ஆய்வகம் பூட்டியிருந்ததால் யாருக்கும் காயமில்லை. இரும்பு அலமாரி முழுக்கத் துரு ஏறி, அந்த வருடமே தூக்கிப் போட்டோம்.

கூழ்_ஆய்வகம் (வியாழன், காலை 7.10)

பட்டறை அண்ணா, கரைந்த தங்கத்தை எதைப் போட்டு இறக்குகிறீர்கள்?

நகைப்பட்டறை_கிருஷ்ணகிரி (வியாழன், காலை 9.30)

மிச்ச நைட்ரிக்கை முதலில் போக்க வேண்டும், அதற்கு யூரியா போடுவோம். நுரை அடங்கின பிறகு சோடியம் மெட்டாபைசல்ஃபைட். தங்கம் தங்கம் மாதிரி வராது, செங்கல் பொடி மாதிரி பழுப்பாக அடியில் இறங்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் ஏமாற்றிவிட்டோம் என்றே நினைப்பார்கள். கழுவி, காயவைத்து, உருக்கினால்தான் மஞ்சள்.

கூழ்_ஆய்வகம் (வியாழன், காலை 9.52)

நினைத்தேன்! நாங்கள் பீப்பாயில் வைக்கும் கூழ் கெடாமல் இருக்கச் சேர்ப்பதும் அதன் உடன்பிறப்புதான். எங்களுடையது பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட், ஆலையில் கே.எம்.எஸ். என்போம். அமிலத்தில் விழுந்ததும் இரண்டுமே சல்ஃபியூரஸ் அமிலத்தைத் தரும். உங்கள் கிண்ணத்தில் நடப்பது இது:

2 குளோரோ ஆரிக் அமிலம் + 3 சல்ஃபியூரஸ் அமிலம் + 3 நீர் → 2 தங்கம் + 3 கந்தக அமிலம் + 8 ஹைட்ரோகுளோரிக் அமிலம்

தங்கத்துக்கு ஒன்றுக்கு 3 எலக்ட்ரான் வேண்டும், கந்தகம் +4-லிருந்து +6-க்குப் போய் 2 கொடுக்கிறது. அதனால் 2-க்கு 3. எட்டுக் குளோரைடும் பந்தி முடிந்து அப்படியே வீடு திரும்புகின்றன.

கூழில் எவ்வளவு சல்ஃபைட் இருக்கிறது என்று பார்க்க நாங்கள் அயோடினை வைத்து டைட்ரேட் செய்கிறோம். சல்ஃபியூரஸ் அமிலம் + அயோடின் + நீர் → கந்தக அமிலம் + 2 ஹைட்ரோஅயோடிக் அமிலம். ஸ்டார்ச் போட்டிருப்பதால் சல்ஃபைட் தீர்ந்த அடுத்த துளியில் கூழ் நீலமாக இருண்டுவிடும். மஞ்சள் கூழில் அந்த முதல் இருளைப் பிடிப்பதற்குக் கண் பழக வேண்டும்.

பென்னாகரம்_டியூஷன் (வியாழன், இரவு 8.30)

இது சார் ஃபோன், எழுதுவது நான், அந்தக் கேள்வி கேட்டவள். எல்லோருக்கும் வணக்கம். மொய் நோட்டு எனக்கு நன்றாகப் புரிந்தது. இன்று வகுப்பில் தங்கச் சமன்பாட்டைப் பலகையில் நானே எழுதினேன்.

எனக்கு இரண்டு கேள்வி இருக்கிறது. கூழ் ஆய்வக அக்கா எழுதியதில் அயோடின் எலக்ட்ரானை வாங்கி ஹைட்ரோஅயோடிக் அமிலமாகிறது. ஆனால் உப்புப் பகுப்பாய்வில் அயோடைடோடு அடர் கந்தக அமிலம் சேர்த்தால் ஊதா ஆவி வரும் என்று படித்தோம். அது இதன் தலைகீழ்தானே? இரண்டும் எப்படிச் சரியாகும்?

இரண்டாவது. நைட்ரிக் அமிலத்தையும் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் நான் 2-க்கு 1 என்று சமன்படுத்தினேன். நைட்ரஜன் டைஆக்சைடு, கந்தகம், நீர் வருகிறது. என் தோழி 2-க்கு 3 என்று போட்டாள். அவளுக்கு நைட்ரிக் ஆக்சைடு, கந்தகம், நீர். இரண்டிலும் அணுக்கள் சரியாக இருக்கின்றன. யார் போட்டது தப்பு?

ஓய்வு_வேதியியல்_தருமபுரி (வெள்ளி, காலை 5.40)

அம்மா, யார் போட்டதும் தப்பில்லை. உன்னுடையது அடர் நைட்ரிக் அமிலம்: 2 நைட்ரிக் + 1 ஹைட்ரஜன் சல்ஃபைடு → 1 கந்தகம் + 2 நைட்ரஜன் டைஆக்சைடு + 2 நீர். உன் தோழியுடையது நீர்த்த அமிலம்: 2 நைட்ரிக் + 3 ஹைட்ரஜன் சல்ஃபைடு → 3 கந்தகம் + 2 நைட்ரிக் ஆக்சைடு + 4 நீர். அடர் அமிலத்தில் கந்தகம் அதோடு நிற்காமல் கந்தக அமிலம் வரைக்கும் போகவும் முடியும். அப்போது 8 நைட்ரிக்குக்கு 1 ஹைட்ரஜன் சல்ஃபைடு. விளைபொருள் என்ன என்று சொல்லாமல் சமன்படுத்தச் சொன்னால் கேள்விதான் முழுமையில்லாதது.

முதல் கேள்விக்கும் இதே இடத்தில்தான் பதில். சமன்பாடு எந்தப் பக்கம் ஓடும் என்பதைக் குணகம் சொல்லாது. கூழில் தண்ணீர் ஏராளம், கந்தக அமிலம் கடுகளவு. அங்கே சல்ஃபியூரஸ் அமிலம் கொடுக்கும், அயோடின் வாங்கும். சோதனைக் குழாயிலோ அடர் கந்தக அமிலம், தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை. அங்கே அயோடைடு கொடுக்கும், கந்தக அமிலம் வாங்கும்: கந்தக அமிலம் + 2 ஹைட்ரோஅயோடிக் → அயோடின் + சல்ஃபர் டைஆக்சைடு + 2 நீர். சூழ்நிலை மாறினால் மொய் வாங்கினவர் கொடுப்பவராகிறார். இங்கேயும் வினை அதோடு நிற்பதில்லை. சில நேரம் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது 8 ஹைட்ரோஅயோடிக் அமிலம் சேர்ந்து ஒரு கந்தக அமிலத்தை ஹைட்ரஜன் சல்ஃபைடு வரைக்கும் இறக்கியதன் நாற்றம். +6-லிருந்து −2-க்கு எத்தனை எலக்ட்ரான் என்று எண்ணிப் பார், எட்டு எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

ஓசூர்_நிரலாளர் (வெள்ளி, இரவு 9.15)

நான் முதலில் எழுதியதைத் திருத்த வேண்டும். எந்தச் சமன்பாட்டைக் கொடுத்தாலும் விடை வரும் என்று சொல்லியிருந்தேன். இன்று குளோரிக் அமிலத்தையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கொடுத்துப் பார்த்தேன். விளைபொருள்கள் குளோரின் டைஆக்சைடு, குளோரின், நீர். நிரல் ஒரே விடையில் நிற்கவில்லை. 2, 2 → 2, 1, 2 சரியாக இருக்கிறது. 3, 7 → 2, 4, 5 என்பதும் சரியாக இருக்கிறது. கையால் எண்ணிப் பார்த்தேன், இரண்டிலும் ஓர் அணுகூடக் கூடவோ குறையவோ இல்லை. தெரியாத குணகம் ஐந்து, தனிமங்கள் மூன்றே மூன்று என்பதால் விடைகள் முடிவில்லாமல் வரும் என்பது கணிதமாகப் புரிகிறது. வேதியியலாக என்ன அர்த்தம் ஐயா?

ஓய்வு_வேதியியல்_தருமபுரி (சனி, காலை 6.05)

ஒரே கலத்தில் இரண்டு கல்யாணம் நடக்கிறது என்று அர்த்தம் தம்பி. ஒன்று, நீங்கள் எழுதிய 2, 2. இன்னொன்று, 1 குளோரிக் அமிலம் + 5 ஹைட்ரோகுளோரிக் அமிலம் → 3 குளோரின் + 3 நீர். இதில் டைஆக்சைடே கிடையாது. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், உங்கள் 3, 7 வந்துவிடும். இரண்டும் உண்மையிலேயே போட்டி போட்டுக்கொண்டு நடக்கிற வினைகள். எது எவ்வளவு என்பது அமிலத்தின் செறிவையும் வெப்பநிலையையும் பொறுத்தது. வெளியே வரும் வாயுவை அளந்துதான் சொல்ல முடியும், எந்த நிரலாலும் முடியாது. குளோரின் டைஆக்சைடு வெடிக்கக்கூடிய வாயு. இதைத் தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூழ்_ஆய்வகம் (சனி, காலை 8.40)

அந்தக் குடும்பத்தில் நம் வீட்டுக்குள்ளேயே நடக்கிற ஒன்று இருக்கிறது. பாத்ரூமில் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டு, கறை போகவில்லை என்று மேலேயே ஆசிட் ஊற்றுகிறார்கள். ஹைப்போகுளோரஸ் அமிலம் + ஹைட்ரோகுளோரிக் அமிலம் → குளோரின் + நீர். ஒன்றில் குளோரின் +1, இன்னொன்றில் −1, சேர்ந்து 0. சமன்படுத்த வேலையே இல்லாத சின்னச் சமன்பாடு, ஆனால் கதவு சாத்திய அறையில் மூச்சை அடைக்கும். வீட்டில் அம்மாவிடம் சொல்லச் சொல்லுங்கள் சார்.

வகுப்பில் செய்து காட்டவும் ஒன்று சொல்கிறேன், இதில் ஆபத்து இல்லை. அயோடின் உப்பில் இருப்பது பொட்டாசியம் அயோடேட். அதைத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் வினிகர், கொஞ்சம் பொட்டாசியம் அயோடைடு, ஒரு கரண்டி தெளிந்த கஞ்சித் தண்ணீர் சேர்த்தால் நீலம் வரும். அயோடிக் அமிலம் + 5 ஹைட்ரோஅயோடிக் அமிலம் → 3 அயோடின் + 3 நீர். ஐந்து பேர் ஆளுக்கு ஒன்று கொடுக்க, ஒருவரே ஐந்தையும் வாங்க, ஆறு பேரும் அயோடினாகிறார்கள். வினிகருக்குப் பதில் எலுமிச்சை பிழிந்துவிடாதீர்கள். அதிலுள்ள அஸ்கார்பிக் அமிலம் வந்த அயோடினை மறுபடி அயோடைடாக்கிவிடும், நீலம் வராமல் போகலாம். பொட்டாசியம் அயோடைடு நான் தருகிறேன், ஞாயிறு தருமபுரி வரும் வேலை இருக்கிறது.

பென்னாகரம்_டியூஷன் (திங்கள், இரவு 9.20)

அக்கா, நேற்று பேருந்து நிலையத்தில் நீங்கள் கொடுத்த பொட்டலம் இன்று வகுப்பில் தீர்ந்துவிட்டது. பிள்ளைகள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு பொட்டலம் உப்பு கொண்டு வந்தார்கள். ஒன்பது கண்ணாடி டம்ளர் வைத்தோம். வினிகர் ஊற்றியதும் ஒன்றும் ஆகவில்லை. அயோடைடு விட்டுக் கலக்கியதும் மெதுவாக ஊதா தட்டி, பிறகு நீலம். எட்டு டம்ளர் நீலமாகின. ஒன்பதாவது வெள்ளையாகவே நின்றது. ஊறுகாய்க்கென்று மூட்டையில் வாங்கிய கல் உப்பாம். இரண்டு முறை செய்து பார்த்தோம், மாறவில்லை. வீட்டுச் சமையலுக்கும் அதையே போடுகிறார்கள் என்று அந்தப் பையன் சொன்னான். மாற்றச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

கடைசி பெஞ்சுப் பெண் இன்று கேட்டது: நீல டம்ளரில் கே.எம்.எஸ். ஒரு சிட்டிகை போட்டால் நிறம் போகும், அது தெரிகிறது, ஆனால் அதற்கு எவ்வளவு கே.எம்.எஸ். வேண்டும் என்பதை வைத்து உப்பில் எவ்வளவு அயோடின் இருந்தது என்று திருப்பிக் கணக்கிட முடியுமா?

கூழ்_ஆய்வகம் (திங்கள், இரவு 9.47)

முடியும். ஆய்வகத்தில் சல்ஃபைட்டுக்குப் பதில் சோடியம் தயோசல்ஃபேட் வைத்துச் செய்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சல்ஃபைட் கரைசலைக் காற்று மெல்ல மெல்லத் தின்றுவிடும், செறிவு நிற்காது. 10 கிராம் உப்பு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடையில் விற்கும் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடினாவது இருக்க வேண்டும் என்பது விதி. அந்த 10 கிராமிலிருந்து எத்தனை மைக்ரோமோல் அயோடின் வெளியே வரும் என்று முதலில் அவளே போட்டுப் பார்க்கட்டும். உப்பில் இருந்த ஒரு அயோடேட்டுக்கு மூன்று அயோடின் மூலக்கூறு வரும் என்பதை மட்டும் நினைவுபடுத்துங்கள்.